நானோ குமிழியை அரசுத் தோட்டத்தில் சோதித்துக் காட்டு! எங்கள் வீட்டு நகையில் சோதிக்காதே!

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை, வாழை விவசாயப் பெருமக்களே! பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து முதுகு போன தாய்மார்களே!

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது ஞாபகம் இருக்கும். சாப்பாடு, துண்டு, பை எல்லாம் கொடுத்தார்கள். மேடையில் கண்ணாடித் தொட்டி வைத்து, ஒரு சின்ன மெஷினை ஓட்டினார்கள். தெளிந்த தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பால் மாதிரி வெள்ளையானது. "இதுதான் நானோ குமிழி. இதை வேருக்கு விட்டால் கொடி மூச்சு விடும், மகசூல் கூடும், உரம் பாதி போதும், உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியாகும்" என்று ஒரு தம்பி பேசினார். அந்தத் தம்பிக்கு மாலை போட்டது யார்? நான்தான். சங்கச் செயலாளரே மாலை போட்டு, கைதட்டி, "விவசாயி விஞ்ஞானத்தோடு போகணும்" என்று மைக்கில் பேசினேன். பேசியதில் தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக்கூட அன்றைக்கு நான் கேட்கவில்லை.

என் பேச்சைக் கேட்டு மெஷின் வாங்கியவர்களில் ஒருவர் நம்ம சங்க உறுப்பினர். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, ஒரு ஏக்கர் வாழை. மூணரை லட்சம். பாதிப் பணத்துக்கு மனைவி, மகள் நகையை அடமானம் வைத்தார். மீதிக்கு மாதத் தவணை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "அண்ணே, நீங்க சொன்னதால போட்டுட்டேன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் துண்டறிக்கை.

முதல் வெட்டு நன்றாக வந்தது. பொய் சொல்லக்கூடாது, குலை நன்றாகவே இருந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதே போட்டோ அடுத்த ஊர் கூட்டத்தில் திரையில் ஓடியது. ஆனால் அந்தப் போட்டோவில் வராத விஷயங்கள் சில உண்டு. மெஷினோடு சேர்த்து முதல் போகத்துக்கு ஹியூமிக், அமினோ என்று நாலு கேன் சும்மா கொடுத்திருந்தார்கள். நம்ம ஆளும் பணம் போட்டுவிட்ட வேகத்தில் வழக்கத்தைவிட மூணு டிராக்டர் தொழுஉரம் அதிகம் அடித்தார். அந்தப் போகத்தில் பூ எடுக்கும்போதும் காய் திரளும்போதும் மழை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மெஷினும் வாங்கவில்லை, கேனும் வாங்கவில்லை. அவருக்கும் அந்த முறை நல்ல வெட்டுதான். இதில் எது குமிழியால் வந்தது, எது எருவால் வந்தது, எது வானத்தால் வந்தது? யாருக்குத் தெரியும்?

அடுத்த போகம் கதை மாறியது. மழையில் காய் வெடித்தது. செவட்டை அடித்தது. அதோடு டிரிப்பர் அடைப்பு ஆரம்பித்தது. லேட்டரல் கடைசியைத் திறந்துவிட்டால் செங்கல் கலரில் சேறு மாதிரி வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆசிட் விடுங்க சார்" என்று பதில். தவணை மட்டும் மாதம் பிறந்தால் தவறாமல் வந்து நிற்கிறது.

நான் அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சங்கத்தில் இருக்கிற, வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் துணைக்கு வந்தார். இரண்டு பேரும் மோட்டார் ரூம் திண்ணையில் காகிதம் பேனாவோடு பல சாயங்காலம் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். தப்பு இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

நானோ குமிழி என்பது பொய் இல்லை. அது நிஜமான விஞ்ஞானம். ஜப்பான்காரர்கள் முன்கை எடுத்து உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வில் இதற்கென்று தனிக்குழுவே இருக்கிறது. 2017ல் போட்ட தரத்தின்படி 100 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நுண்குமிழி. 1 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் மீநுண்குமிழி. நாம் நானோ குமிழி என்பது இந்த இரண்டாவது வகை. நம்ம தலைமுடி ஒன்றின் தடிமனில் சுமார் 800 குமிழியை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. பெரிய குமிழி மேலே வந்து உடைந்துவிடும். இது மேலே வராமல் தண்ணீருக்குள்ளேயே அலைந்துகொண்டு நாள்கணக்கில் கிடக்கும்.

இங்கேதான் முதல் ஏமாற்று. இவ்வளவு சின்னக் குமிழி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நானோ குமிழி மட்டும் இருக்கிற தண்ணீர் சாதாரணத் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். மண்டபத்தில் பால் மாதிரி வெள்ளையாகக் காட்டினார்களே, அது அதைவிடப் பல மடங்கு பெரிய குமிழி. ரெண்டு மூணு நிமிஷம் வைத்துப் பார்த்திருந்தால் மேலே வந்து உடைந்து தண்ணீர் தெளிந்திருக்கும். நாம் அதற்குள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். சில இடத்தில் லேசர் லைட் அடித்து, "பாருங்க, கோடு தெரியுது, குமிழி இருக்கு" என்கிறார்கள். தண்ணீரில் தூசி இருந்தாலும் கோடு தெரியும். நம்ம போர் தண்ணீரில் தூசிக்கா பஞ்சம்? குமிழியா தூசியா என்று பிரித்துச் சொல்வது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே சிரமமான வேலை.

இரண்டாவது, ஆக்ஸிஜன் கணக்கு. வேருக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்பது உண்மை. வெள்ளம் நின்ற வாழைத்தோட்டம் நாலு நாளில் மஞ்சளாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் அதிகமானதால் சாகவில்லை, காற்று இல்லாமல் சாகிறது. சரி, நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் எவ்வளவு ஆக்ஸிஜன் பிடிக்கும்? காற்றோடு நன்றாகக் கலந்த தண்ணீர், 30 டிகிரி சூட்டில், ஆயிரம் லிட்டருக்கு ஏழரை கிராம் பிடிக்கும். அதற்குமேல் காற்றை எவ்வளவு சின்னக் குமிழியாக்கி அடித்தாலும் பெரிதாக ஏறாது. சுத்த ஆக்ஸிஜனை அடித்தால் அது ஐந்து மடங்கு, சுமார் 36 கிராம் வரை போகும். ஆக, விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தம்பி, உங்க மெஷின் காத்தை இழுக்குதா, ஆக்ஸிஜனை இழுக்குதா?" நம்ம உறுப்பினர் வாங்கியது வெறும் காற்று மெஷின். ஆக்ஸிஜன் பிரிக்கிற கருவிக்குத் தனி விலையாம்.

"தண்ணீரில் கரைந்தது வேறு, குமிழிக்குள்ளே இருப்பது வேறு, அது தனியாக இருக்கு" என்று பதில் வரும். அதையும் போட்டுப் பார்த்தோம். அவர்கள் நோட்டீஸில் ஒரு மில்லி தண்ணீரில் பத்துக் கோடி குமிழி என்று போட்டிருந்தது. கேட்கப் பெரிய எண்ணிக்கை! ஒரு குமிழி குறுக்களவு 100 நானோமீட்டர் என்று வைத்தால், ஆயிரம் லிட்டர் தண்ணீரில் இருக்கும் அத்தனை குமிழியையும் ஒன்று சேர்த்தால் மொத்தம் ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. உள்ளே காற்று வெளிக்காற்றைவிட முப்பது மடங்கு அழுத்தத்தில் இருக்கும் என்கிறார்கள். அதையும் சேர்த்துப் பெருக்கினால் ஒன்றரை மில்லி காற்று. எடை சுமார் 2 மில்லிகிராம். கரைந்திருக்கிற ஆக்ஸிஜன் ஏழாயிரத்து ஐந்நூறு மில்லிகிராம். குமிழிக்குள் இருக்கும் காற்று மொத்தமே இரண்டு! வாத்தியார் மூன்று தடவை கணக்கைச் சரிபார்த்தார். நானும் நம்பாமல் மறுபடி போடச் சொன்னேன். அதே விடைதான்.

மூன்றாவது கணக்கு இன்னும் முக்கியம். ஒரு ஏக்கர் திராட்சைக்குச் சொட்டுநீரில் நாளைக்கு 15,000 லிட்டர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் கொண்டுபோகும் ஆக்ஸிஜன் சுமார் 110 கிராம். சுத்த ஆக்ஸிஜன் அடித்தாலும் அரை கிலோதான். அதே ஒரு ஏக்கரில் மேல்மண் ஒரு அடி ஆழத்துக்கு, நூற்றுக்குப் பதினைந்து பங்கு காற்று இருந்தால் போதும், மண்ணுக்குள்ளேயே சுமார் 45 கிலோ ஆக்ஸிஜன் இருக்கும். அது செலவாகச் செலவாக மேலே இருந்து சும்மா இறங்கிக்கொண்டே இருக்கும். பொலபொலப்பான செவல் மண்ணில், எருப் போட்டு, வடிகால் எடுத்த தோட்டத்துக்குத் தண்ணீர் வழியாக ஆக்ஸிஜன் கொடுப்பது சுருளி அருவிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோகிற கதை.

அப்படியானால் இது எங்கேயுமே பிரயோஜனம் இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. களிமண்ணில், டிரிப்பருக்கடியில் எந்நேரமும் சதசதவென்று இருக்கிற இடத்தில், காற்று இறங்க வழி இல்லாத நிலத்தில், தண்ணீரோடு போகும் கொஞ்சம் ஆக்ஸிஜனும் வேருக்கு உதவலாம். ஆஸ்திரேலியாவில் சென்ட்ரல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004ல் வெளியிட்ட ஆய்வில், கனத்த களிமண்ணில், மண்ணுக்கடியில் புதைத்த சொட்டுநீரில் காற்றுக் கலந்து விட்டு, சோயாவுக்கும் பருத்திக்கும் பலன் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கவனியுங்கள்: அவர்கள் காற்றைக் கலந்தது வெஞ்சூரி மூலமாக, நானோ மெஷின் இல்லை. நம்ம தோட்டத்தில் உரம் இழுக்க மாட்டியிருக்கோமே, அதே வெஞ்சூரி தத்துவம்! டோக்கியோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013ல், நானோ குமிழித் தண்ணீரில் ஊறிய பார்லி விதை சீக்கிரம் முளைத்ததாக எழுதியிருக்கிறார்கள். டிரிப்பருக்குள் படியும் வழுவழுப்புப் பாசி குறைவதாகச் சீனாவில் ஆய்வு நடந்திருக்கிறது. இதெல்லாம் மதிக்க வேண்டிய வேலை. ஆனால் பார்லி விதை வேறு, பந்தலில் பத்து வருஷம் நிற்கிற பன்னீர் திராட்சைக் கொடி வேறு. அங்கே தட்டில் முளைத்தது இங்கே குலையாகக் காய்க்கும் என்பதற்கு யார் ஜாமீன்?

உப்புத் தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கரைந்த உப்பைக் குமிழி எடுக்காது. மெஷினுக்குள் போகும்போது என்ன உப்போ, வெளியே வரும்போதும் அதே உப்பு. சந்தேகம் இருப்பவர்கள் மண் பரிசோதனை நிலையத்தில் இரண்டு பாட்டிலும் கொடுத்து மின்கடத்தும் திறன் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் சத்தும் அப்படித்தான். காயில் இனிப்பு ஏறப் பொட்டாஷ் வேண்டும். அது காற்றில் இல்லை. "உரம் பாதி போதும்" என்று எழுதியவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ!

அந்தச் செங்கல் சேறு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம பக்கம் பல போர்களில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆழத்தில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஆக்ஸிஜன் பட்டதும் துருவாகித் திரியும். மெஷினை எங்கே மாட்டினார்கள்? பில்டருக்குப் பின்னால்! பில்டரைத் தாண்டின பிறகு காற்றைக் கலந்தால் துரு முழுக்க டிரிப்பருக்குத்தான் போய்ச் சேரும். பில்டருக்கு முன்னால் தொட்டியில் கலந்து, தெளியவிட்டு, வடித்து விட்டிருந்தால் அதே ஆக்ஸிஜன் இரும்பை எடுத்துக் கொடுத்திருக்கும். விற்றவர்கள் போர் தண்ணீரை ஒரு தடவையாவது சோதித்தார்களா? இல்லை. போர் தண்ணீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து சிதறி விழவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும், அதற்கு மூணரை லட்சம் வேண்டாம்.

இதெல்லாம் நமக்குப் புதுசா? 1990களில் தேக்கு மரம் நட்டால் லட்சாதிபதி என்றார்கள். 2003, 2004ல் வெனிலா விலை உச்சத்துக்குப் போனபோது வீட்டுக்கு வீடு வெனிலாக் கொடி. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் விலை கவிழ்ந்தது. அப்புறம் காட்டாமணக்கு. அப்புறம் ஈமு கோழி, 2012ல் அது என்ன கதியானது என்று கொங்குப் பக்கம் போய்க் கேளுங்கள். இடையில் காந்தத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் சோதனை எலி யார்? நாம். சோதனைச் செலவு யாருடையது? நம்முடையது. லாபம் வந்தால் போட்டோ அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் ஏலம் நமக்கு.

சில நண்பர்கள், "நீங்க இப்படி எழுதினா சங்கம் விஞ்ஞானத்துக்கு எதிரின்னு சொல்வாங்க" என்கிறார்கள். சொல்லட்டும். நம்ம அப்பன் காலத்தில் சொட்டுநீர் வந்தபோதும் சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அது இல்லாமல் திராட்சை இல்லை. காரணம் என்ன? அரசுப் பண்ணையில் வைத்துக் காட்டினார்கள், நம் கண்ணால் பார்த்தோம், அப்புறம் மானியமும் வந்தது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம், மற்றவருக்கு எழுபத்தைந்து சதவீதம் என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. அந்த வழியில் நானோ குமிழியும் வரட்டும், நாங்களே வரவேற்பு கொடுப்போம்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. வாழைக்கென்றே 1993ல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மையம் திருச்சியில் இருக்கிறது. இத்தனை இருந்தும் நம்ம மாவட்டத்துத் திராட்சைக் கொடியில் இந்த மெஷினை மூன்று போகம் தொடர்ந்து வைத்துப் பார்த்து ஏன் தமிழில் ஒரு காகிதம் நம் கைக்கு வரவில்லை? உடனே ஆரம்பிக்க வேண்டும். ஒரே தோட்டத்தில், ஒரே எரு, ஒரே கவாத்துத் தேதி. நாலு வரிசைக்குச் சாதாரணத் தண்ணீர், நாலு வரிசைக்கு வெஞ்சூரிக் காற்று, நாலு வரிசைக்கு நானோ காற்று, நாலு வரிசைக்கு நானோ ஆக்ஸிஜன். செவலில் தனியாக, களியில் தனியாக. குலை எடை, சர்க்கரை அளவு, டிரிப்பர் அடைப்பு, கரண்டு செலவு எல்லாம் எழுத வேண்டும். எந்த வரிசையில் எது ஓடுகிறது என்று எடை போடுகிறவருக்குத் தெரியக்கூடாது. மெஷினைக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கட்டும், ஆனால் கேனைக் கொண்டுவர வேண்டாம்! பலன் இல்லை என்று வந்தாலும் மறைக்காமல் வெளியிட வேண்டும். எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போகத்துக்குப் போகம் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும்.

சோதனை முடியாமல் இதை மானியப் பட்டியலில் சேர்க்கவும் கூடாது. இதில் நம்மவர்களிலேயே சிலருக்கு என்மேல் வருத்தம். "மானியம் வந்தா வரட்டுமே, உங்களுக்கென்ன?" என்று கேட்கிறார்கள். மானியம் வருகிற அன்றைக்கே மெஷின் விலையும் அந்த அளவுக்கு ஏறும் என்பதை எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! பவர் ஸ்பிரேயர் வாங்கியவர்களைக் கேளுங்கள். பலன் நிரூபணமாகிவிட்டால் அப்போது மானியம் கேட்போம். அதுவும் வீட்டுக்கு வீடு ஒரு மெஷின் வேண்டாம்; எங்கெங்கே களிமண் பிரச்சினையோ அங்கே கூட்டுறவுச் சங்கம் மூலம் வாடகைக்கு விட்டால் போதும்.

கரண்டு விஷயமும் இருக்கிறது. இலவச மின்சாரம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. 1970ல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டு விழுந்த உழவர்களின் ரத்தத்திலிருந்து ஆரம்பித்த கதை அது. அந்த இணைப்பில் அனுமதித்த குதிரைத்திறனுக்கு மேல் இன்னொரு பம்பு, கம்ப்ரசர் என்று மாட்டினால் நாளைக்கு வாரிய ஆள் வந்து கேட்கும்போது பதில் சொல்லப்போவது நாம்தான். விற்கிறவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம திராட்சைக்காரன் வயிறு எரிவது ஆக்ஸிஜன் இல்லாமலா? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மகாராஷ்டிராவிலிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வந்து இறங்கும்போது நம்ம பன்னீர் விலை படுத்துவிடுகிறது. வெட்டிய காயை நாலு நாள் வைத்திருக்க வழியில்லை. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அந்தக் குறியீட்டுக்காக ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். இதையெல்லாம் பேசவிடாமல் குமிழியைக் காட்டி நம் கவனத்தைத் திருப்புகிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை நான் அதிகமாகச் சந்தேகப்படுகிறேனோ என்னவோ.

ஏற்கனவே மெஷின் வாங்கியவர்கள் கவனத்துக்கு: தைரியத்தை விட வேண்டாம். விதை வழக்கு ஒன்றில் 2012ல் உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணமே கிடையாது. ஆனால் பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், தவணை ஒப்பந்தம், அவர்கள் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதி, அடைத்த டிரிப்பர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், வாத்தியாரும் இருப்பார்.

இனி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் விற்பவரிடம் வாயால் பேசாதீர்கள். மகசூல் எவ்வளவு கூடும், கூடாவிட்டால் மெஷினைத் திருப்பி எடுத்துப் பணம் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு போகம் பாதித் தோட்டத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யோசிப்போம். அதுவரைக்கும் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்: டிரிப்பருக்கடியில் ஒரு அடியில் மண் நீலம் பாய்ந்து முட்டை நாற்றம் அடித்தால் உங்கள் தோட்டத்தில் காற்றுப் பஞ்சம் உண்டு. தண்ணீர் விடும் நேரத்தைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிட்டு, வடிகால் வெட்டி, தக்கைப்பூண்டு மடக்கி உழுது பாருங்கள். வாசனை போகிறதா இல்லையா என்று சொல்லுங்கள்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குத் தேனி கலெக்டர் அலுவலகத்தில் எல்லோரும் கூடுகிறோம். காலை ஒன்பது மணிக்குக் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பேருந்து நிலையங்களிலிருந்து சேர்ந்து கிளம்புவோம். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், அடகுக்கடையில் இருப்பது உங்கள் நகை. கோஷம் போட்டுவிட்டுக் கலைந்துபோகப் போவதில்லை. ஒவ்வொருவரும் உங்கள் போர் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, இறுக மூடி, பெயரும் ஊரும் சர்வே நம்பரும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். அத்தனை பாட்டிலையும் கலெக்டர் மேஜைமேல் வைத்து, முதலில் இதைச் சோதித்துக் கொடுங்கள் என்று கேட்போம். மோட்டார் போட்டுப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்